வெள்ளிக்கிழமைச் சபை

ஆம்பூருக்குக் குடிவந்து பதினோரு மாதம் ஆகியும் கோயிலில் என் பெயரைக் கேட்ட ஒரு ஆள் கிடையாது. நான் கோயில் என்று சொல்வது கிறிஸ்தவ தேவாலயத்தைத்தான். திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஆட்களுக்கு அதுதான் வழக்கம். எழுபதுகளின் நடுவில், கல்யாணமான கையோடு, ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு வேதப்புத்தகமும் ஏகப்பட்ட கோபமுமாக இந்த ஊருக்கு வந்து சேர்ந்தேன். கோபம் யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ரயிலை விட்டு இறங்கியதும் மூக்கில் ஏறிய தோல் வாடையின்மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் கணவருக்கு ஒரு டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், கெமிஸ்ட் வேலை. எந்தத் தோலுக்கு எந்த மருந்து, எவ்வளவு நேரம் டிரம்மில் சுற்ற வேண்டும் என்று பார்த்துச் சொல்கிற வேலை. முதலாளி முஸ்லிம். அந்த ஊரில் பல டேனரிகள் அப்படித்தான். ஆகவே வார விடுமுறை வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை மற்ற நாட்களைப் போலவே சங்கு ஊதும், இவர் டிபன் கேரியரைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். நான் தனியாகக் கோயிலுக்கு நடப்பேன்.

கோயில் பெரியது. ஆட்களும் நல்ல ஆட்கள்தான், இப்போது சொல்கிறேன். அப்போது கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். ஆராதனை முடிந்ததும் வாசலில் கை கூப்பி "ஸ்தோத்திரம்" என்பார்கள். நானும் "ஸ்தோத்திரம்" என்பேன். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அக்காள் தங்கை, மாமன் மச்சான், சம்பந்தி என்று அவரவர் வட்டத்தில் நின்றுகொள்வார்கள். எல்லாருக்கும் எல்லாரும் சொந்தம். நான் வேப்பமரத்தடியில் நின்று சேலை மடிப்பைச் சரிசெய்வேன். சரியாக இருக்கிற மடிப்பை எத்தனை தடவைதான் சரிசெய்வது? யாராவது வந்து "நீங்க எந்த ஊரும்மா?" என்று ஒரு வார்த்தை கேட்பார்கள் என்று காத்திருந்துவிட்டு, கேட்காத கோபத்தில் வெயிலில் விறுவிறுவென்று வீடு வந்து சேர்வேன்.

"நீயா போய்ப் பேசினா என்ன, வாயில முத்தா வச்சிருக்க?" என்பார் என் கணவர்.

"புதுசா வந்தவ நான். அவங்கதான் பேசணும்" என்பேன். எனக்கு அதில் ஒரு வீம்பு. எங்கள் ஊர்க் கோயிலுக்குப் புதிதாக ஒருத்தி வந்தால் அடுத்த ஆராதனைக்குள் அவள் மாமியாருக்கு எத்தனை பல் என்பதுவரை எங்களுக்குத் தெரிந்துவிடும்.

நாங்கள் இருந்த தெரு முழுக்க முஸ்லிம் வீடுகள். பக்கத்து வீட்டம்மாவுக்கு என்னைவிடப் பத்து வயது கூடுதல் இருக்கும். வந்த இரண்டாம் நாளே கதவைத் தட்டி, "அக்கா கிக்கான்னு கூப்பிடாதே, ஆபான்னு கூப்பிடு. ஆபான்னா எங்கள்ல அக்கா" என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, ஒரு கிண்ணம் சேமியா வைத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஆபாதான் எனக்குப் பால்காரனைக் காட்டியது, தண்ணீர் வரும் நேரம் சொன்னது, நான் உண்டான சேதியை என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்தது. ஆனால் அதையெல்லாம் நான் துணை என்று கணக்கில் வைக்கவில்லை. எனக்கு வேண்டியது சபை. சபை என்றால் ஞாயிற்றுக்கிழமை, மணி, பெஞ்சு, பாட்டுப் புத்தகம். அப்படித்தான் என் மண்டையில் ஏறியிருந்தது.

எங்கள் தெருவில் வெள்ளிக்கிழமை தவிர தினமும் காலை ஏழு மணிக்கு ஒரு கூட்டம் போகும். டேனரியில் தோல் அலசுகிற, காயப்போடுகிற பெண்கள். சேலைக்கு மேலே ஆண்களின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையில் துண்டு கட்டிக்கொண்டு, சத்தமாகச் சிரித்துப் பேசிக்கொண்டு போவார்கள். அவர்கள் வரும் முன்பே வாடை வந்துவிடும். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத வாடை அது. எனக்கு மசக்கை வேறு. அவர்கள் குரல் தெருமுனையில் கேட்டதுமே ஓடிப்போய் ஜன்னலைப் படாரென்று சாத்துவேன். அதே வாடையோடுதான் என் கணவரும் சாயங்காலம் வருவார் என்பது ஞாபகம் வராது.

பிரசவத்துக்குத் தாய்வீடு போகிற வழக்கம் எனக்கு இல்லாமல் போயிற்று. நான் பி.யூ.சி. படிக்கும்போதே அம்மா இறந்துவிட்டாள். அடக்கம் முடிந்து வந்த அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் அடுப்புப் பற்றவைக்க ஆளில்லை. அப்பா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அப்போது என் ஞானத்தாய் தன் வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்து, அடுப்பைப் பற்றவைத்து உலை வைத்தாள். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது, பெற்றவர்களோடு கூட நின்று, "இந்தப் பிள்ளைக்கு நாங்களும் பொறுப்பு" என்று சபை முன்னால் வாக்குக் கொடுக்கிறவர்கள் ஞானப்பெற்றோர். பல பேருக்கு அது போட்டோவில் நிற்கிற வேலை. என் ஞானத்தாய் அன்றிலிருந்து என் கல்யாணப் பேச்சுவரை என் கூடவே நின்றாள். கல்யாணத்துக்கு ஆறு மாதம் முன்னால் அவளும் போய்விட்டாள்.

அதனால் மகள் பிறந்ததும் எனக்கு ஒரே கவலைதான். இவளுக்கு யார்? நாளைக்கு எனக்கு ஒன்று ஆகிவிட்டால், இந்த ஊரில் எந்தப் பெண் தன் வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்து இவளுக்குச் சோறு பொங்குவாள்? பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போதெல்லாம் இதே யோசனை. யோசிக்க யோசிக்க அழுகை வரும். அழுதால் எனக்கு உடனே கோபம் வரும், அந்தக் கோபத்தை வாங்கிக்கொள்ள வீட்டில் ஒரே ஒரு மனிதர்தான் இருந்தார், பாவம்.

பிள்ளைக்கு நாற்பது நாள் கழிந்ததும் ஐயரைப் பார்க்கப் போனேன். ஐயர் என்றால் எங்கள் போதகர். புராட்டஸ்டண்டுக் கிறிஸ்தவர்களில் போதகரை ஐயர் என்றும் அவர் மனைவியை ஐயரம்மா என்றும்தான் கூப்பிடுவோம். நல்ல ஆகிருதியான மனிதர், அடர்ந்த மீசை, ஆற்காட்டுப் பக்கத்துக்காரர். நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "ஞானப்பெற்றோர் யார் யாரும்மா? நம்ம சபையில நற்கருணை எடுக்கிறவங்களா இருக்கணும்" என்றார். இயேசுவின் நினைவாக அப்பமும் திராட்சரசமும் பகிர்வதுதான் நற்கருணை.

எனக்கு அடக்கிவைத்தது எல்லாம் பொங்கிவிட்டது. "ஐயரே, இந்தச் சபையில எனக்கு நற்கருணைக் கிண்ணத்தைத்தான் தெரியும். ஆள் ஒருத்தரையும் தெரியாது" என்றேன்.

அவர் பேனாவை மூடிவைத்தார். கோபப்படவில்லை. "கமிட்டியில ஒருத்தருடைய சம்சாரம் இருக்காங்க, ரொம்ப நல்லவங்க. சொன்னா நிப்பாங்க" என்றார். சொன்னால் நிற்கிற ஆளா எனக்கு வேண்டும்? நான் எழுந்துகொண்டேன். "சரி, வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் உங்க பக்கம்தான் வருவேன். வீட்டுக்கு வந்து ஜெபம் பண்றேன், அப்போ பேசுவோம்" என்றார். எங்கள் பக்கம் எதற்கு வருவார் என்று கேட்கத் தோன்றவில்லை. எத்தனை கோபத்திலும் மரியாதையை விடக் கூடாதே, "சாப்பிட்டுத்தான் போகணும், ஐயரே" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வந்ததும் சுவருக்கு இந்தப் பக்கமிருந்தே ஆபாவிடம் சொன்னேன். "ஆபா, வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்க வீட்டுக்கு ஐயர் வர்றார். சாப்பாட்டுக்குச் சொல்லியிருக்கேன்."

ஆபாவின் முகம் சுவருக்கு மேலே வந்தது. "இன்னாது? ஐயரா? உங்க வூட்லயா சாப்பிடுவாரு?"

"ஆமா, ஏன்?"

"வெள்ளிக்கெழமையா பார்த்து வர்றாரே! பேஜாரா போச்சே!" என்று சொல்லிவிட்டு முகம் மறைந்தது. என்ன பேஜார் என்று எனக்கு விளங்கவில்லை. பிள்ளை அழுதாள், நான் உள்ளே போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை என்றால் எங்கள் தெருவே மணக்கும். தொழுகை முடிந்து ஆண்கள் வருவதற்குள் வீட்டுக்கு வீடு பிரியாணி தம்மில் இருக்கும். வாரத்தில் மற்ற நாட்களில் தோல் வாடை, வெள்ளிக்கிழமை மட்டும் பிரியாணி வாசனை. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணி ஆகியும் ஒரு வீட்டிலிருந்தும் வாசனை வரவில்லை. நான் கோழிக் குழம்பு வைத்து இறக்கியிருந்தேன். மற்ற வீடுகளில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வயிற்றுக்கு ஆகவில்லையோ என்று நினைத்தேன்.

ஒரு மணிக்கு ஐயர் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். விடுமுறைத் தூக்கம் கலையாத கண்ணோடு என் கணவர் எழுந்து வந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். ஐயர் உட்கார்ந்து, மூக்கை ஒருமுறை உறிஞ்சிவிட்டு, "என்னங்க, இன்னிக்கு உங்க தெருவுல பிரியாணி வாசனையே காணோம்? அதுக்காகவே வெள்ளிக்கிழமைல இந்த வழியா வருவேன்" என்றார்.

அதே நேரம் வாசலில் ஆபா. தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, ஒரு கையில் வாழையிலை, மறு கையில் மூடிய பாத்திரம். "தங்கச்சி, சாம்பார் வச்சிருக்கேன். சுத்த சைவம். வெங்காயம்கூட கம்மியாத்தான் போட்டேன். ஐயருக்கு ஆவும்ல?" என்று ரகசியக் குரலில் கேட்டார். கேட்டுக்கொண்டே கதவுக்குப் பின்னாலிருந்து ஐயரின் குடுமியைத் தேடினார். மீசைதான் கிடைத்தது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பூணூல் போட்ட ஐயர் சாப்பிட வருகிறார் என்று நினைத்து, ஆபா தெரு முழுக்க வீடு வீடாகப் போய், இந்த ஒரு வெள்ளிக்கிழமை யாரும் கறி சமைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். நான் பெயர்கூடத் தெரிந்து வைத்திராத வீடுகள். என் வீட்டுக்கு வரும் விருந்தாளியின் மூக்குக்காக ஒரு தெருவே அன்றைக்குப் பருப்புச் சோறு தின்றது.

நான் சிரித்த சிரிப்பில் பிள்ளை முழித்துக்கொண்டாள். ஐயரிடம் விஷயத்தைச் சொன்னதும் அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அடப்பாவமே, நான் கறி சாப்பிடுற ஐயரும்மா!"

"அப்போ சந்துக்காரி சொன்னது நெசந்தானா?" என்றார் ஆபா. "பின்னால சந்துல, தோல் கம்பெனில வேலை செய்றாளே, அவகிட்டயும் போய்ச் சொன்னேன். 'எங்க ஐயரும்தான் வெள்ளிக்கெயம வர்றாரு, அவரு நல்லா கறி துன்னுவாரே'ன்னு சிரிச்சா. தோபா தோபா, கறி துன்ற ஐயரும் உண்டான்னு திட்டிட்டு வந்தேன்."

"எங்க ஐயர்" என்றாளா? நான் ஐயரைப் பார்த்தேன். அவர் சற்று அசடு வழிந்தார்.

"டேனரியில வேலை பார்க்கிற நம்ம ஆளுங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாதேம்மா. அதனால அவங்களுக்கு வெள்ளிக்கிழமைதான் ஆராதனை. பின்னால சந்துல ஒரு வீட்டுல கூடுவாங்க. நான் அதுக்குத்தான் வாரா வாரம் வர்றேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல, ஐயரே?"

"நீங்கதான் ஞாயிற்றுக்கிழமை வர்றீங்களே. உங்களுக்கு இது தேவைப்படும்னு நான் நினைக்கல" என்றார். பிறகு என் கணவர் பக்கம் திரும்பி, "உங்களுக்குத்தான் சொல்லியிருக்கணும். தப்புதான்" என்றார்.

என் கணவர், "எனக்கு வெள்ளிக்கிழமை தூங்குறதுதான் ஐயரே ஆராதனை" என்றார். நான் பார்த்த பார்வையில், சாப்பிட்டு முடித்த கையோடு சட்டை மாட்டிக்கொண்டு எங்களோடு கிளம்பினார்.

சந்து எங்கள் வீட்டுக் கொல்லைச் சுவரிலிருந்து நாற்பது எட்டு இருக்கும். ஓடு போட்ட வீடு. உள்ளே பாய் விரித்து ஆணும் பெண்ணுமாகப் பதினைந்து இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் குளித்து, தலைவாரி, துவைத்த துணி உடுத்தியிருந்தார்கள். சுண்ணாம்பில் வெந்து நகம் கறுத்த விரல்களை மடியில் வைத்திருந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எனக்கு முகங்கள் தெரிந்துவிட்டன. பழைய சட்டையும் தலைத் துண்டும் இல்லாததால் ஒரு நிமிஷம் தடுமாறினேனே தவிர, அதே பெண்கள்தான். காலை ஏழு மணிப் பெண்கள். என் கால் வாசல்படியிலேயே நின்றுவிட்டது.

அவர்களில் உயரமானவள், அந்த வீட்டுக்காரி, எழுந்து வந்தாள். "வாங்கம்மா, ஜன்னல் வூட்டம்மா! உள்ள வாங்க" என்றாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் அதுதான். குத்திக்காட்டுவதற்காகச் சொன்னதே அல்ல. அதனால்தான் எனக்கு அத்தனை வெட்கமாக இருந்தது. காது மடல் எரிந்தது. பிள்ளையைச் சாக்காக வைத்துக் குனிந்துகொண்டேன்.

பாட்டுக்குப் பின் ஜெபக் குறிப்பு கேட்டார் ஐயர். ஒருவர் மகனுக்குக் காய்ச்சல் என்றார். ஒருவர் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் என்றார். அந்த உயரமான பெண் எழுந்து, "ஜன்னல் வூட்டம்மாவுக்கு சொகமா புள்ள பொறந்துச்சு, அதுக்கு ஸ்தோத்திரம். இனிமே அந்தக் குறிப்ப எடுத்துடலாம்" என்றாள்.

"என்ன குறிப்பு?" என்று நான் வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

"நீங்க உண்டானதுலேர்ந்து வெள்ளிக்கு வெள்ளி உங்களுக்கு ஜெபம் பண்ணிக்கினு இருந்தோம்மா. அம்மா இல்லாத பொண்ணு, தனியா கெடக்குதுன்னு உங்க பக்கத்து வூட்டு பாயம்மா சொன்னாங்க. நடுவுல நாலு நாளு ஜன்னலு தொறந்தே கெடந்துச்சு. அப்பவே புள்ள பெத்துக்கப் போய்ட்டாங்கன்னு தெரிஞ்சிக்கினோம்."

"நான் கிறிஸ்தவள்னு எப்படித் தெரியும்?"

"இன்னாம்மா இப்படி கேக்குறீங்க? ஞாயித்துக்கெயம நாங்க வேலைக்குப் போவோம், நீங்க எதிர்ல பைபிள் வச்சிக்கினு கோயிலுக்குப் போவீங்க. நமக்குத்தான் போவ முடியல, நமக்கும் சேர்த்து அந்தம்மா போவுதுன்னு நெனச்சிக்குவோம்."

நான் அழுதேன். மறைக்கவில்லை. பதினோரு மாதம் வேப்பமரத்தடியில் நின்று, என்னை யாரும் கண்டுகொள்ளவில்லை என்று ஊர்முழுக்கப் பழி போட்டவள் நான். என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தவர்களின் முகத்தில்தான் ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தேன். அவர்கள் என்னிடம் பதிலுக்கு ஒன்றும் கேட்காமல் என் பிள்ளைக்காக முழங்கால் போட்டிருக்கிறார்கள். இதைவிடக் கேவலமாக என் வாழ்க்கையில் நான் உணர்ந்ததில்லை. இதைவிடச் சந்தோஷமாகவும்தான்.

அன்று திரும்பி நடக்கும்போதே முடிவு பண்ணிவிட்டேன். மறுநாள் சாயங்காலம் அந்த உயரமான அக்கா வேலை முடிந்து வரும் வழியில் வாசலில் நின்று மறித்தேன். "அக்கா, என் மகளுக்கு நீங்களும் அண்ணனும்தான் ஞானப்பெற்றோரா நிக்கணும்."

அவள் இரண்டு அடி பின்னால் போனாள். சட்டைக் கையை முகர்ந்து பார்த்துக்கொண்டாள். "நாங்க இன்னாம்மா, பெரிய படிப்பா, பெரிய எடமா? பெரிய மனுசங்க எவ்ளோ பேரு கீறாங்க. எனக்கு எழுத்துகூட தெரியாது. அதுவுமில்லாம ஞாயித்துக்கெயம லீவு குடுக்க மாட்டாங்கம்மா."

"நீங்க நிக்கிறீங்களா இல்லையா, அதச் சொல்லுங்க."

அவள் என் தோளில் கிடந்த பிள்ளையைப் பார்த்தாள். பிறகு, "புள்ளைய தூக்கட்டுமா? குளிச்சிட்டு வர்றேன்" என்றாள். "குளிக்கவெல்லாம் வேண்டாம்" என்று நான் பிள்ளையை அப்படியே அவள் கையில் கொடுத்தேன்.

ஐயரிடம் போய்ச் சொன்னபோது அவர் சந்தோஷப்பட்டார். ஆனால் நாள் என்று வந்ததும் தாடையைத் தடவினார். "ஞானஸ்நானம் சபைக்கு முன்னால நடக்கணும்மா. அதான் ஒழுங்கு. சபை கூடுறது ஞாயிற்றுக்கிழமை."

"வெள்ளிக்கிழமை கூடுறது என்ன ஐயரே, சந்தையா?"

சற்றுக் கூர்மையாகத்தான் கேட்டுவிட்டேன். என் கணவர் என் முந்தானையை இழுத்தார். நான் விடவில்லை. "நீங்கதானே அங்கயும் அங்கி போட்டுக்கிட்டு நிக்கிறீங்க? அங்க எடுக்கிறது நற்கருணை இல்லையா? ஞாயிற்றுக்கிழமை ஆளுங்களுக்கு என் பிள்ளை பேருகூடத் தெரியாது. இவங்க அவ பிறக்கிறதுக்கு முன்னாலேர்ந்து அவளுக்கு ஜெபம் பண்ணியிருக்காங்க. இதுல எது ஐயரே சபை?"

ஐயர் நோட்டைப் பிரித்து அடுத்த வெள்ளிக்கிழமையைக் குறித்துக்கொண்டார். "கமிட்டியில கேட்பாங்க. நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றார். பிறகு முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, "ஆனா ஒரு நிபந்தனை. உங்க ஆபாகிட்ட நான் எப்படிப்பட்ட ஐயர்னு தெளிவா சொல்லிடணும்" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அந்த ஓட்டு வீட்டில் என் மகளுக்கு ஞானஸ்நானம். ஸ்டூல்மேல் வெள்ளைத் துணி விரித்து, புது எவர்சில்வர் பேசினில் தண்ணீர் வைத்திருந்தார்கள். தூரத்தில் மசூதியில் பாங்கு சொல்லி முடிந்திருந்தது. ஆபா வீட்டு ஆண்கள் தொழுகைக்குப் போய்விட்டார்கள், ஆபா பிரியாணியைத் தம்மில் போட்டுவிட்டு வந்து வாசல்படியில் உட்கார்ந்துகொண்டார். உள்ளே வாருங்கள் என்றதற்கு, "எனக்கு இங்கேர்ந்து நல்லா தெரியுது" என்றார்.

அக்காவும் அவள் கணவரும் முன்னால் வந்து நின்றார்கள். அவருக்கு வெள்ளைச் சட்டை புதுசு. மடிப்புக் கோடுகள் அப்படியே இருந்தன. ஞானப்பெற்றோர் கொடுக்கிற வாக்கைப் புத்தகத்தைப் பார்த்துப் படிக்க வேண்டும். இருவருக்கும் எழுத்துத் தெரியாது என்பதால் ஐயர் ஒவ்வொரு வரியாகச் சொல்லி, "என் பின்னாலே சொல்லுங்க" என்றார்.

அங்கேதான் அந்தத் தப்பு நடந்தது. வெள்ளிக்கிழமைச் சபையில் பாதிப்பேருக்கு எழுத்துத் தெரியாது, புத்தகமும் ஒன்றிரண்டுதான். அதனால் ஐயர் எதைப் படித்துக்கொடுத்தாலும் எல்லாரும் சேர்ந்து திருப்பிச் சொல்வது அவர்கள் பழக்கம். "இந்தப் பிள்ளைக்கு நாங்கள் துணை நிற்போம்" என்று ஐயர் சொன்னதும், நின்ற இருவர் மட்டுமல்ல, பாயில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் ஒரே குரலில், "இந்தப் பிள்ளைக்கு நாங்கள் துணை நிற்போம்" என்றார்கள். ஓடு அதிர்ந்தது. ஐயர் நிமிர்ந்து பார்த்தார். நீங்கள் சொல்லக் கூடாது, இவர்கள் இருவர்தான் சொல்ல வேண்டும் என்று திருத்துவதற்காக வாயைத் திறந்தார். திறந்த வாயை மூடிக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அடுத்த வரியைச் சொன்னார். அதையும் எல்லாரும் சொன்னார்கள். இவளுக்காக ஜெபிப்போம், இவளை நடத்துவோம், இவளைக் கைவிடமாட்டோம் என்று கடைசி வரிவரைக்கும் சொன்னார்கள். என் கணவரும் அவர்களோடு சேர்ந்து சொல்லிக்கொண்டிருந்தார், பெற்ற தகப்பன், ஞானத்தகப்பனுக்குரிய வாக்கை!

முடிந்ததும் ஆபா வாசலிலிருந்து என்னைக் கை காட்டிக் கூப்பிட்டார். "எல்லாரும் சேர்ந்து இன்னா சொன்னாங்க தங்கச்சி, அவ்ளோ சத்தமா?"

"பிள்ளையப் பார்த்துக்கிறோம்னு சொன்னாங்க, ஆபா."

"அதுக்கா இத்தினி பாட்டு, இத்தினி ஜெபம்?" என்றார் ஆபா. "நான் தெனமும் பார்த்துக்கினுதானே கீறேன்!"

பதில் சொல்ல அவர் நேரம் தரவில்லை. பிரியாணி தேக்சாவைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும் என்று கத்திக்கொண்டே வீட்டுக்கு நடந்தார்.

பிரியாணி வந்தது. கூடவே கத்தரிக்காய். பாயிலேயே வரிசையாக இலை போட்டார்கள். ஐயர் முதல் கவளத்தை வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்து ஆபா, "மாஷா அல்லா, இந்த ஐயரு நம்ம ஐயரு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

என்னையும் இலைக்கு முன் உட்காரச் சொன்னார்கள். அக்கா என் மடியிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். அவளிடமிருந்து வேறொருத்தி வாங்கினாள். அவளிடமிருந்து இன்னொருத்தி. கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து பார்த்தேன், பிள்ளை கண்ணில் படவில்லை. உள்ளறையிலா, வாசலிலா, யார் இடுப்பில் என்று எனக்குத் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து அவளை ஒரு நிமிஷம் கண் மறைவில் விட்டவள் இல்லை நான். ஒரு கையால் அவளைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஆறிப்போன சோற்றை அள்ளிப்போட்டுத்தான் இத்தனை நாளும் சாப்பிட்டிருந்தேன். எங்கேயோ அவள் சிணுங்கினாள், யாரோ தட்டிக்கொடுத்தார்கள், சிணுங்கல் நின்றது.

நான் எழுந்து தேடவில்லை. இன்னும் கொஞ்சம் போடச் சொல்லி, சூடாக, நிதானமாக, வயிறு நிறையச் சாப்பிட்டேன்.